இரண்டாம் படத்துக்கு யார் துணை?

1966 ஏப்ரலில் செனகலின் தலைநகர் டாக்கரில் உலகக் கறுப்பினக் கலைவிழா நடந்தது. கவிஞராகவும் நாட்டின் அதிபராகவும் இருந்த செங்கோர் முன்னின்று நடத்திய விழா. எழுத்தாளர்களும் இசைக்கலைஞர்களும் கண்டம் முழுவதிலிருந்தும் வந்து குவிந்த அந்தக் கூட்டத்தில், உள்ளூர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் பிரெஞ்சு ஆவணப்பட இயக்குநர் ழான் ரூஷைச் சந்தித்தார். ஆசிரியையின் பெயர் சஃபி ஃபாய். வயது இருபத்திரண்டு. ரூஷ் அவரைத் தம் படமொன்றில் நடிக்கவைத்தார். அந்தப் படம் ஃபாய்க்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் கேமராவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை அவர் பார்த்துவிட்டார். பாரிஸ் போய் மானுடவியல் படித்தார். லூயி லூமியேர் பள்ளியில் திரைப்படமும் படித்தார்.

1975-இல் 'கத்து பேகாத்' வந்தது. சஹாராவுக்குத் தெற்கே பிறந்த ஒரு பெண் இயக்கி, வணிகமுறையில் திரைக்கு வந்த முதல் முழுநீளப் படம் அது. கறுப்பு வெள்ளையில், ஃபாயின் சொந்த ஊரான ஃபஜாலில், ஊர்க்காரர்களையே நடிக்கவைத்து எடுத்தது. ஊருக்குத் திரும்பிய மகள் எழுதும் கடிதம்போல ஃபாயின் குரல் படம் முழுக்கக் கூடவே வரும். நிலக்கடலை ஒன்றையே விளைவிக்கச் சொல்லிக் காலனிக்காரர்கள் பழக்கிவிட்டுப் போன மண். மழை பொய்த்த ஆண்டு. கல்யாணத்துக்குப் பணம் சேர்க்க முடியாமல் நகரத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் இளைஞன். அவ்வளவுதான் கதை. இதைச் செனகல் அரசு கொஞ்ச காலம் தடைசெய்து வைத்திருந்தது என்றால், படம் எந்த இடத்தில் தைத்தது என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்து நடந்ததுதான் இந்த உரையின் பொருள். ஃபாய் 1979-இல் 'ஃபஜால்' எடுத்தார். அது பிரான்ஸின் கான் திரைப்பட விழாவுக்குப் போனது. ஆவணப்படங்கள் சில செய்தார். 1990-இல் 'மொசான்' படப்பிடிப்பை முடித்தார். தயாரிப்பாளருடன் வழக்கு, படச்சுருள் முடங்கியது. கானில் அது திரையேறியபோது 1996. அதன்பின் 2023 பிப்ரவரியில் பாரிஸில் மறையும்வரை இன்னொரு முழுநீளக் கதைப்படம் அவரிடமிருந்து வரவில்லை. திறமை வற்றிப்போனதால் அல்ல. முதல் அடிக்கு ஒரு ரூஷ் தற்செயலாகக் கிடைத்தார். அடுத்தடுத்த அடிகளுக்கு ஒப்பந்தம் படித்துக் காட்டவோ, வழக்கில் துணை நிற்கவோ, 'அடுத்த ஸ்கிரிப்ட்டைக் கொண்டுவா' என்று கேட்கவோ அவர் பின்னால் ஓர் அமைப்பு இருக்கவில்லை.

சாரா மல்தோரோர் கதையும் இதே தடத்தில்தான் போகிறது. குவாதலூப் தந்தைக்குப் பிரான்ஸில் பிறந்தவர். அங்கோலா விடுதலை இயக்கத்தின் முன்னணித் தலைவர் மாரியோ டி அந்த்ராதேயின் துணைவி. மாஸ்கோவில் மார்க் தோன்ஸ்கோயிடம் திரைப்படம் பயின்றவர். 'பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' படத்தில் உதவியாளராக வேலை பார்த்தார். அல்ஜீரிய ராணுவத்தின் பணத்தில், கினி-பிசாவ் போராட்டக் களத்தில் எடுத்த அவருடைய முதல் முழுநீளப் படத்தின் சுருள்கள் பறிமுதலாகி, படம் வெளிவராமலே போயிற்று. அதையும் தாண்டி 1972-இல் 'சம்பிசாங்கா' எடுத்தார். போர்த்துகீசியக் காவலர்கள் கணவனை இழுத்துப்போன பிறகு, கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக, சிறை சிறையாக விசாரித்து நடக்கும் மரியாவை மறக்கவே முடியாது. காவலர் ஒவ்வொருவரும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுகிறார். அவள் மறுபடி நடக்கிறாள். துனிசியாவின் கார்த்தேஜ் திரைப்பட விழாவின் தங்க விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. மல்தோரோர் அதற்குப் பிறகும் ஓயாமல் படமெடுத்தவர்தான். ஆனால் பெரும்பாலும் சிறிய ஆவணப்படங்கள், தொலைக்காட்சிக்கான வேலைகள். சம்பிசாங்காவின் அளவுக்கு இன்னொரு முயற்சியை நம்பிப் பணம் போட ஆள் வரவில்லை.

புர்கினா ஃபாசோவின் ஃபான்டா ரெஜினா நாக்ரோ 2004-இல் 'உண்மையின் இரவு' எடுத்தார். அந்நாட்டுப் பெண் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளக் கதைப்படம். ஜிம்பாப்வே நாவலாசிரியர் சிட்சி டங்கரெம்பா பெர்லினில் திரைப்படம் படித்துவிட்டு வந்து 1996-இல் 'எவ்ரிவன்ஸ் சைல்ட்' எடுத்தார். அந்நாட்டுக் கறுப்பினப் பெண் ஒருவரின் முதல் முழுநீளப் படம். 'முதல்' என்ற அடைமொழி இந்தப் பெண்கள் எல்லோருக்கும் கிடைத்திருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது என்று தடையின்றி எண்ணும் வாய்ப்புத்தான் கிடைக்கவில்லை.

இப்போது வளர்ந்துவரும் பெண் இயக்குநர்களுக்காக நடக்கும் வழிகாட்டுத் திட்டங்களையும் உறைவிடத் திட்டங்களையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

உறைவிடம் என்றால் என்ன? சுருக்கமாகச் சொன்னால் ஓர் அறை, சில மாதங்கள், சாப்பாட்டுக்கும் செலவுக்கும் பணம், ஸ்கிரிப்ட்டைப் படித்துக் கருத்துச் சொல்ல அனுபவசாலிகள். கான் விழா பாரிஸில் 2000-இலிருந்து நடத்தும் 'ரெசிடான்ஸ்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆண்டுக்குப் பன்னிரண்டு இளம் இயக்குநர்கள், இரண்டு அணிகளாக, தலா நான்கரை மாதம் தங்கித் தங்கள் முதல் அல்லது இரண்டாம் படத்தின் ஸ்கிரிப்ட்டை எழுதலாம். ஜாம்பியாவில் பிறந்து வேல்ஸில் வளர்ந்த ருங்கானோ நியோனி அங்கே தங்கி எழுதியவர். சூனியக்காரிகள் என்று ஒதுக்கப்பட்ட பெண்களின் முகாமில் வாழ்க்கை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, கானாவில் அப்படியொரு முகாமுக்கே போய்த் தங்கினார். அதிலிருந்து 2017-இல் 'ஐ ஆம் நாட் எ விட்ச்' பிறந்தது. சூனியக்காரி என்று ஊர் முத்திரை குத்திய ஒன்பது வயதுச் சிறுமி. அவள் பறந்து போய்விடக் கூடாதென்று முதுகில் கட்டிய நீள வெள்ளை நாடா. நாடாவின் மறுமுனையில் பெரிய மர உருளை. முகாம் பெண்களை வயல் வேலைக்கு ஏற்றிச்செல்லும் லாரியில் அத்தனை உருளைகளும் வரிசையாக நிற்கும் காட்சி ஒன்று போதும், இந்த இயக்குநர் யார் என்று தெரிந்துகொள்ள. 2018-இல் பிரிட்டனின் பாஃப்டா அவருக்கு அறிமுக விருது அளித்தது.

அவருடைய இரண்டாம் படம் 'ஆன் பிகமிங் எ கினி ஃபவுல்' 2024-இல் வந்தது. ஏழு ஆண்டு இடைவெளி. பாஃப்டா வாங்கியவருக்கே ஏழு ஆண்டு என்றால், விருது எதுவும் வாங்காதவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டாம் படத்துக்குக் கானின் 'அன் செர்தான் ரெகார்' பிரிவில் சிறந்த இயக்கத்துக்கான விருது பகிர்ந்தளிக்கப்பட்டது.

பாரிஸ் அறையின் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. விசா கிடைக்க வேண்டும். பிரெஞ்சோ ஆங்கிலமோ சரளமாக வர வேண்டும். வீட்டில் குழந்தை இருந்தால் நான்கரை மாதத்துக்கு யாரிடமாவது விட்டுவிட்டு வர வேண்டும். இவற்றைவிட நுட்பமானது ஸ்கிரிப்ட்டில் நேர்வது. ஐரோப்பிய நிதிக்குழு படிக்கும் என்று தெரிந்தே எழுதும்போது, ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாத ஒன்றைப் பக்கம் பக்கமாக விளக்கத் தோன்றும். கேள்வி கேட்பவர் டாக்கர்க்காரராகவோ நைரோபிக்காரராகவோ இருந்தால், கேள்வியே வேறாக இருக்கும்.

அதனால்தான் கண்டத்துக்குள்ளேயே தோன்றியுள்ள அமைப்புகள் கூடுதல் நம்பிக்கை தருகின்றன. 2016-இலிருந்து 'ரியல்னெஸ்' என்ற திரைக்கதை உறைவிடம் தென்னாப்பிரிக்காவில் இயங்கிவருகிறது. ஜோகன்னஸ்பர்க் அருகே நிராக்ஸ் சிற்பப் பூங்காவில் ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் வாரக்கணக்கில் தங்கி எழுதியிருக்கிறார்கள். அதே ஆண்டில் புர்கினா ஃபாசோவில் 'வாகா ஃபிலிம் லேப்' பிறந்தது. இயக்குநர் அலைன் கோமிஸ் டாக்கரில் தொடங்கிய யென்னங்கா மையம், எடிட்டிங், ஒலி போன்ற படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலைகளுக்கு உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவிக்கிறது. படம் எடுப்பது டாக்கரில், முடிப்பது பாரிஸில் என்ற வழக்கத்தை உடைக்கும் முயற்சி இது. கண்டத்துக்குள்ளேயே நல்ல எடிட்டர் கிடைத்தால், இயக்குநர் கையில் பணம் இல்லாத மாதங்களிலும் படம் அங்குலம் அங்குலமாக நகரும்.

இவற்றில் எதைவிடவும் அழுத்திச் சொல்ல வேண்டியது செனகலின் வடக்கே, செயிண்ட் லூயி நகரத்து காஸ்தோன் பெர்ஜே பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆவணப்பட முதுகலைப் படிப்பு. பிரான்ஸின் லுசாஸ் கிராமத்து ஆவணப்படக்காரர்கள் 2000-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த 'ஆஃப்ரிகாடாக்' முயற்சியோடு சேர்ந்து வளர்ந்தது அது. நைஜரிலிருந்து அங்கே போய்ப் படித்த இரண்டு பெண்களின் படங்கள் ஒரே ஆண்டில், 2016-இல், வெளிவந்தன.

ஒருவர் அமினா வெய்ரா. நைஜரின் வட பாலைவனத்தில் ஆர்லி என்று ஒரு யுரேனிய நகரம். பிரெஞ்சு நிறுவனத்தின் சுரங்கத்தில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அமினாவின் தந்தை. 'காற்றின் கோபம்' படத்தில் மகள் அவரிடமே கேமராவை நீட்டி விசாரிக்கிறார். சுரங்கத்திலிருந்து வந்த பழைய இரும்பு இந்த ஊரில் சட்டியாகிறது, வீட்டுக் கூரையாகிறது. புழுதிக்காற்று எல்லாவற்றின் மீதும் அடிக்கிறது. வெளியூர்ச் செய்தியாளருக்குக் கிடைக்காத பதில்கள், ஊர்ப்பெண் என்பதால் அமினாவுக்குக் கிடைக்கின்றன.

மற்றவர் ஐஷா மக்கி. உலகிலேயே பிள்ளைப்பேறு மிக அதிகமான நாடுகளுள் ஒன்று நைஜர். அங்கே கல்யாணமாகிப் பிள்ளை இல்லாத பெண்ணாக இருப்பது என்ன என்று தம் வாழ்க்கையையே வைத்து 'கனியற்ற மரம்' படத்தை எடுத்தார். பிரசவத்தில் தாயை இழந்தபோது ஐஷாவுக்கு ஐந்து வயது. இறந்துபோன அந்தத் தாயிடம் பேசுவதுபோலவே படம் நகர்கிறது. பெண்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் பேச்சுகள் அதில் உண்டு; ஆண் இயக்குநர் யாரும் அந்த அறைக்குள் போயிருக்க முடியாது. ஐந்து ஆண்டு கழித்து, 2021-இல், ஐஷா தமது சொந்த நகரத்தைப் பற்றி 'ஜிந்தர்' எடுத்தார். தொழுநோயாளிகளையும் பார்வையற்றோரையும் ஒதுக்கிவைத்த காரா-காரா குடியிருப்பும், அங்கே கும்பல்களாகத் திரியும் இளைஞர்களும் அதன் பொருள். முதல் படத்தில் தம் வீடு, இரண்டாம் படத்தில் ஆண்களின் தெரு. இந்த வளர்ச்சியைப் பார்க்கத்தான் உதவித் திட்டங்கள் இருக்க வேண்டும். செயிண்ட் லூயி அதைச் சாதித்திருக்கிறது. ஏனென்றால் அது பத்து நாள் பட்டறை அல்ல. முறையான படிப்பு, சக மாணவர்கள், ஆசிரியர்கள், படிப்புக்குப் பின்னும் தொடரும் தயாரிப்பாளர் தொடர்பு.

கிழக்கே நைரோபியில் ஜூடி கிபிங்கே என்ற இயக்குநர் தொடங்கிய 'டாக்குபாக்ஸ்' பத்தாண்டுக்கும் மேலாகக் கிழக்காப்பிரிக்க ஆவணப்படங்களுக்குப் பணமும் வழிகாட்டுதலும் தந்துவருகிறது. தாமே படம் எடுத்து அல்லல்பட்டவர் என்பதால், ஓர் ஆவணப்படத்துக்கு எந்த மாதத்தில் மூச்சுத் திணறும் என்று கிபிங்கேவுக்குத் தெரியும்.

உகாண்டாவின் கம்பாலாவில் 'மைஷா ஃபிலிம் லேப்' 2004-இல் உருவானது. தொடங்கியவர் ஒடிசாவின் ரூர்கேலாவில் பிறந்த இயக்குநர் மீரா நாயர். 'மிசிசிப்பி மசாலா' எடுக்கப் போன இடத்திலேயே அவருக்கு இன்னொரு வீடு அமைந்தது. கென்யாவின் ஜிப்பி கிமுண்டுவுடன் சேர்ந்து அவர் 2014-இல் ஓர் ஆவணப்படம் செய்தார். கம்பாலாவின் காத்வே சேரியில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித்தரும் ராபர்ட் கத்தெண்டே பற்றியது. அதில் இயக்குநர் இடத்தில் இரண்டு பெயர்களும் உண்டு. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் மூத்தவர் ஒருவர் தம் பெயருக்குப் பக்கத்தில் இளையவர் பெயரைப் போடும்போது, அடுத்த நிதி விண்ணப்பத்தில் அந்த ஒரு வரி செய்யும் வேலையை ஆயிரம் அறிவுரைகள் செய்யாது. கிமுண்டு பின்னர் மீனா நஞ்சியுடன் சேர்ந்து எடுத்த 'அவர் லேண்ட், அவர் ஃப்ரீடம்' 2023-இல் ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவில் திரையிடப்பட்டது. 1957-இல் பிரிட்டிஷார் தூக்கிலிட்ட, கென்யாவின் மாவ் மாவ் விடுதலைக் கிளர்ச்சித் தளபதி டெடான் கிமாதியின் உடல் எங்கே புதைக்கப்பட்டது என்று அவருடைய மகள் தேடும் தேடலைச் சொல்லும் படம் அது.

வழிகாட்டுதலால் தீராத சிக்கல்களும் உண்டு. வனூரி கஹியுவின் 'ரஃபிகி' 2018-இல் கானுக்குத் தேர்வான முதல் கென்யப் படம். இரண்டு இளம்பெண்களின் காதலைச் சொன்னதற்காகச் சொந்த நாட்டில் தடை. கஹியு நீதிமன்றம் போனார். உயர் நீதிமன்றம் ஏழே நாளுக்குத் தடையை விலக்கியது. அந்த ஏழு நாளும் நைரோபி அரங்கில் டிக்கெட் கிடைக்காத கூட்டம். புர்கினா ஃபாசோவின் அப்போலின் த்ராவோரே, தீவிரவாதிகள் கடத்திச்சென்ற பெண்ணின் கதையான 'சிரா'வைச் சொந்த நாட்டில் எடுக்கப் பாதுகாப்பு இல்லாமல் மௌரித்தானியாவுக்குப் போய் எடுத்தார். 2023-இல் பெர்லினில் பார்வையாளர் விருதும், வாகாதுகுவின் ஃபெஸ்பாகோ விழாவில் வெள்ளிக் குதிரையும் அதற்குக் கிடைத்தன.

அந்த ஃபெஸ்பாகோ ஆப்பிரிக்கத் திரையுலகின் மிகப் பெரிய விழா, 1969-இல் தொடங்கியது. அதன் உச்ச விருதான தங்கக் குதிரை, மோசி மக்களின் போர்வீராங்கனை யென்னங்கா இளவரசியின் பெயரைத் தாங்கியது. அந்த விருது தொடங்கிய 1972-இலிருந்து 2025 விழா வரை அந்தத் தங்கம் ஒருமுறைகூடப் பெண் இயக்குநர் கைக்கு வந்ததில்லை. இதை நடுவர்களின் தவறு என்று மட்டும் பார்த்தால் பாதிதான் பிடிபடும். போட்டிக்குப் பெரிய படத்தோடு வர, அதற்கு முன் இரண்டு மூன்று படங்களில் கை பழகியிருக்க வேண்டும். அந்த இரண்டு மூன்று படங்களுக்கான பணமும் காலமும்தான் பெண்களுக்கு மறுக்கப்பட்டு வந்திருக்கின்றன.

காலம் எவ்வளவு தேவை என்பதற்கு மொராக்கோவின் அஸ்மே எல் மூதிரைப் பார்க்கலாம். 'எல்லாப் பொய்களின் தாய்' என்ற அவருடைய ஆவணப்படத்துக்குச் சுமார் பத்தாண்டு பிடித்தது. 1981-இல் காசாபிளாங்காவில் ரொட்டி விலை உயர்வை எதிர்த்த மக்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. படங்களும் பதிவுகளும் மிக அரிது. வீட்டில் புகைப்படமே கூடாது என்று பாட்டியின் தடை. அஸ்மே தம் தந்தையைக் கொண்டு தாங்கள் வாழ்ந்த தெருவையே களிமண்ணிலும் மரத்திலும் சின்னஞ்சிறு வடிவில் கட்டவைத்தார். வீடுகள், ஜன்னல்கள், கைவிரல் உயர பொம்மை மனிதர்கள். அந்தப் பொம்மைத் தெருவைச் சுற்றி உட்காரவைத்ததும் குடும்பமும் அண்டைவீட்டாரும் பேசத் தொடங்குகிறார்கள். மராக்கேஷ் விழா 2018-இல் தொடங்கிய அட்லாஸ் பட்டறைகளின் ஆதரவு படத்துக்கு வளரும் பருவத்திலேயே கிடைத்தது. 2023-இல் அதே விழாவின் உச்ச விருதைப் பெற்ற முதல் மொராக்கோ படமும் அதுவே. பத்தாண்டு பொறுமை காட்டும் உதவியால்தான் இப்படியொன்று வரும்.

பெண்கள் தாங்களாகவே கட்டிய அமைப்புகளைக் குறிப்பிடாமல் இந்த வரலாறு முழுமையாகாது. டங்கரெம்பா ஹராரேயில் 2002-இல் பெண்களுக்கான சர்வதேசத் திரைப்பட விழாவைத் தொடங்கி, இளம்பெண்களுக்குப் பயிற்சியும் தந்துவந்தார். தென்னாப்பிரிக்கத் திரைத்துறைப் பெண்கள் 2016-இல் 'ஸ்விஃப்ட்' என்ற சங்கம் அமைத்துப் படப்பிடிப்புத் தளத்துப் பாலியல் தொல்லைக்கு எதிராகக் குரல் எழுப்பினார்கள். பாதுகாப்பில்லாத தளத்தில் எந்த வழிகாட்டியாலும் யாரையும் வளர்த்துவிட முடியாது. 'லடிமா' அறக்கட்டளை, வேலைக்கு அழைக்கத்தக்க ஆப்பிரிக்கப் பெண் தொழில்நுட்பக் கலைஞர்களின் பட்டியலைத் திரட்டியது. 'ஆளே கிடைக்கவில்லை' என்ற வழக்கமான சாக்குக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

இவற்றில் பல அமைப்புகளின் பலவீனம் ஒன்றுதான். ஓராண்டுத் திட்டம், ஈராண்டுத் திட்டம் என்று வரும் மானியங்களை நம்பி நிற்கின்றன. மானியம் பெரும்பாலும் கண்டத்துக்கு வெளியிலிருந்து வருகிறது. நாக்ரோ படித்த வாகாதுகு திரைப்படக் கல்லூரி இனாஃபெக் 1976-இல் திறந்தது. பணம் வற்றியதும் 1987-இல் மூடப்பட்டது. அதில் படித்து முடித்த ஒரு தலைமுறை மட்டும் கிடைத்தது, அடுத்த தலைமுறை கிடைக்கவில்லை. மூலதனத்தைத் தொடாமல், அதன் வருவாயில் ஆண்டுதோறும் காரியம் நடத்தும் அறக்கட்டளை முறை ஒன்று உண்டு. ஆப்பிரிக்கப் பெண் இயக்குநர்களுக்கும் தேவைப்படுவது அப்படியான, அரசுகளின் மனநிலை மாறினாலும் அசையாத நிரந்தர நிதிதான். அதில் பெரும்பங்கு இரண்டாம் படத்துக்கு என்று ஒதுக்கப்பட வேண்டும். உறைவிடத்துக்குக் குழந்தையோடு வரலாம் என்று விதியில் எழுதப்பட வேண்டும். ஒப்பந்தங்களைப் பார்க்க ஒரு வழக்கறிஞர் சம்பளத்தில் இருக்க வேண்டும். மொசான் முடங்கிக் கிடந்த ஆண்டுகள் இதற்குப் போதுமான சாட்சி.

எடுத்த படத்தைப் பார்க்க இடமும் வேண்டும். யுனெஸ்கோ 2021-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி ஆப்பிரிக்காவில் சுமார் 7,87,000 பேருக்கு ஒரு திரை. சொந்த மக்களிடமே போய்ச்சேராத படங்களுக்கு வெளியூர்ப் பார்வையாளர் ஒவ்வொருவரும் முக்கியம். தமிழ்நாட்டின் திரைப்படச் சங்கங்களும் கல்லூரித் திரைப்படத் துறைகளும் உலக சினிமா என்ற பெயரில் ஐரோப்பாவையும் ஈரானையும் ஜப்பானையும் நன்றாகவே அறிந்தவை. மல்தோரோரின் சம்பிசாங்கா 2021-இல் சீரமைக்கப்பட்டு நல்ல பிரதியில் கிடைக்கிறது. வரும் ஆண்டில் ஒரு மாதத்தையாவது அதற்கும், ஃபாய், மக்கி, நியோனி, எல் மூதிர் படங்களுக்கும் ஒதுக்குங்கள். உரிய திரையிடல் கட்டணத்தைச் செலுத்தி, தமிழில் வசனவரிகள் சேர்த்துத் திரையிடுங்கள்.